பதில் வரும் வழி

கல்யாணப் பத்திரிகையின் அடியில் வீட்டு முகவரி, அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் அச்சான பத்திரிகைகளில் இதைப் பார்க்கலாம். 2000-க்குப் பிறகு பிறந்தவர்களிடம் காட்டினால் ரத்தக்கொதிப்பா என்று கேட்கிறார்கள்.

அது பக்கத்து வீட்டு எண். நமக்கு போன் கிடையாது, இந்த எண்ணில் கூப்பிட்டால் நம்மைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். தெருவுக்கு ஒன்றோ இரண்டோ போன் இருந்த காலம். தூத்துக்குடியில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு உப்பு வியாபாரி வீட்டில்தான் போன். பதினோரு குடும்பங்கள் அந்த ஒரே எண்ணைப் பத்திரிகையில் போட்டன, வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதின, கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பின. மணி அடித்தால் அண்ணாச்சி வீட்டம்மா எடுப்பார். "யாரு வேணும்? லைன்ல இருங்க", அல்லது "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க, ஆள் அனுப்புறேன்." அப்புறம் வாசலில் நின்று ஒரு குரல்: "ஏட்டி, ஒனக்கு போனு!"

வெளியே இருப்பவருக்குத் தெரிவது ஒரே எண்தான். அதற்குப் பின்னால் பதினோரு வீடு இருக்கிறது. எந்த மணி எந்த வீட்டுக்கு என்பது அந்த அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் ஊருக்குப் போய்விட்டால் பதினோரு வீடும் உலக வரைபடத்திலிருந்து காணாமல் போய்விடும்.

நான் பிறகு சென்னையில் இணையத் தொலைபேசி சம்பந்தப்பட்ட வேலைக்குப் போனேன். அங்கே முதல் வாரத்திலேயே படிக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஆவணங்களில் ஒன்று ஆர்.எஃப்.சி. 3581. பதினைந்து பக்கம்கூட வராது. எழுதியவர்கள் ஜோனதன் ரோசன்பெர்க், ஹென்னிங் ஷூல்ஸ்ரின்னே. வெளியான மாதம் 2003 ஆகஸ்ட். ஒரு அழைப்புக்கான பதில், அழைத்தவரின் வீட்டைத் தேடிச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். அழைத்தவருக்கோ வெளியுலகில் செல்லுபடியாகும் முகவரி கிடையாது. என்ன செய்வது என்பதுதான் அதில் விஷயம். பெரிய நெறிமுறைகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. இந்தச் சின்ன ஒட்டுத்தையலைப் பற்றி யாரும் கதை எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரிந்த விஷயம் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஏன் புரியும் என்றால், இந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். முத்துக்குளிப்பில் கடலுக்குள் போகிறவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மேலே படகில் நிற்கும் ஆளைப் பற்றிப் பேசுவது குறைவு. குளிப்பவர் ஒரு கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி சேர்க்கும் வலைக்கூடைக்கு ஒரு கயிறு. தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். கூடைக்கயிறு மட்டும் மிச்சம். மூச்சு ஒரு நிமிடம், நல்ல ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சொடுக்கு. மேலே நிற்பவர் அந்தச் சொடுக்கைக் கையில் உணர்ந்து, உடனே இழுத்தாக வேண்டும். கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம், மச்சானுக்குத் தன் அக்காளோ தங்கையோ தாலியறுத்து நிற்கக் கூடாது என்ற கவலை இருக்கும். ஊர்ப்பேச்சுதான். ஆனால் யாரை நம்புவது என்பதை இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்ட ஊர்ப்பேச்சு வேறு எனக்குத் தெரியாது.

கடைசியாக அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1955-இல் தொடங்கி 1961-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி சேரவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி சிப்பிக்குள் செயற்கையாக முத்து வளர்த்துக் காட்டினார். அது வேறு கதை.

எனக்கு வேண்டியது அந்தக் கயிறு. கடலடியில் இருப்பவருக்குப் படகு எங்கே நிற்கிறது என்று தெரியாது. நீரோட்டத்தில் அது நகர்ந்திருக்கலாம். மேலே இருப்பவருக்கும் இவர் எந்த இடத்தில் தடவிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது. இருவரும் ஒருவர் முகவரியை மற்றவர் அறியாதவர்கள். கேள்வி எந்தக் கயிற்றில் வந்ததோ அந்தக் கயிற்றிலேயே பதில் போக வேண்டும், மூச்சு இருக்கும்போதே போக வேண்டும். உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை, அறுந்துவிடும்.

இணையத்தின் முகவரி முறை 1981-இல் எழுதப்பட்டது. 32 இருமஎண்கள் கொண்ட முகவரி, மொத்தம் சுமார் 430 கோடி. பல்கலைக்கழகங்களும் ராணுவமும் சேர்த்துச் சில நூறு கணினிகள் வைத்திருந்த காலத்தில் அது கடல் போலத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டது. 1994 மே மாதம் யெல்ட் எகேவாங், பால் ஃப்ரான்சிஸ் இருவரும் ஆர்.எஃப்.சி. 1631-ஐ வெளியிட்டார்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் அதை முன்வைத்தார்கள். தற்காலிக ஏற்பாட்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அரசு அலுவலகத்தில் 'தற்காலிகப் பணியாளர்' என்று சேர்ந்து பேரன் எடுத்தவர்களை நமக்குத் தெரியும், அதனால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

அந்த ஏற்பாட்டின் பெயர் நாட். முகவரி மாற்றி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ஊர்பேர் இல்லாத முகவரிகள்: 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-இல் ஒதுக்கினார்கள். வை-ஃபையில் இதைப் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் போனுக்கும் அநேகமாக அப்படி ஒரு முகவரிதான். உங்கள் எதிர்வீட்டு போனுக்கும் அதே முகவரி இருக்கலாம். வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வாசலில் நிற்கும் பெட்டி பிடித்து, அனுப்புநர் முகவரியை அழித்து, தன் முகவரியை எழுதி அனுப்பும். கூடவே ஒரு வாசல் எண்ணும். உள்ளே 192.168.1.5, வாசல் 5060 என்று கிளம்பியது, வெளியே வேறு முகவரி, வாசல் 31742 என்று போகும். இந்த ஜோடியைப் பெட்டி ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். 31742-க்குப் பதில் வந்தால் பட்டியலைப் பார்த்து உள்ளே தள்ளிவிடும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும். தெலைபேசிப் பேச்சு பயணிக்கும் வகைப் பொட்டலங்களுக்கு அந்தக் 'கொஞ்ச நேரம்' பெரும்பாலும் ஒரு நிமிடம், சில மலிவுப் பெட்டிகளில் அதிலும் குறைவு.

அண்ணாச்சி வீட்டம்மாதான். ஒரே வித்தியாசம், இந்தப் பெட்டிக்கு உங்களை யாராவது புதிதாகத் தேடி வந்தால் வாசலில் நின்று கூப்பிடத் தெரியாது. நீங்கள் முதலில் வெளியே போயிருந்தால்தான் உங்களுக்கான பதிலை வாங்கி வைக்கும். இணையதளம் பார்ப்பதற்கு இது போதும். நாம் கேட்கிறோம், அவர்கள் தருகிறார்கள். தொலைபேசிக்குப் போதாது. தொலைபேசி என்பதே கூப்பிடப்படுவதற்காக இருக்கும் பொருள்.

இப்போது எஸ்.ஐ.பி.க்கு வருவோம். இணையத்தில் ஒருவரை அழைப்பது, மணி அடிக்க வைப்பது, எடுத்தது, வைத்தது, இதையெல்லாம் சொல்லும் மொழி அது. குரல் தனியாக வேறு பாதையில் போகும். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம்தான்: கப்பல்கள் 16-ஆம் சேனலில் ஒருவரையொருவர் கூப்பிடும், கிடைத்ததும் வேறு சேனலுக்கு மாறிக்கொண்டு விஷயத்தைப் பேசும். 1996-இல் மார்க் ஹேண்ட்லியும் ஈவ் ஸ்கூலரும் ஒரு வரைவு எழுதினார்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷூல்ஸ்ரின்னே இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கி 1999 மார்ச்சில் முதல் ஆர்.எஃப்.சி., திருத்தி எழுதப்பட்டது 2002 ஜூனில்.

எஸ்.ஐ.பி. செய்தி என்பது வெறும் எழுத்துதான், திறந்து படிக்கலாம். அதில் 'வயா' என்று ஒரு வரி உண்டு. பழைய தபால் உறைகளில் அது கடந்துவந்த தபால் நிலையங்களின் முத்திரை வரிசையாக விழுந்திருக்குமே, அந்த மாதிரி. அழைப்பு கிளம்பும் போன் முதல் வரியை எழுதும். வழியில் நிற்கும் ஒவ்வொரு இடைநிலையமும் தன் பெயரை மேலே ஒரு வரியாக ஏற்றிக்கொண்டே போகும். பதில் திரும்பும்போது ஒவ்வொருவரும் தன் வரியை உரித்துவிட்டு, அடுத்து இருக்கும் பெயருக்கு அனுப்புவார்கள். வந்த வழியே பதில் திரும்பிவிடும். அழகான யோசனை.

சிக்கல் எங்கே? முதல் வரியை எழுதுவது போன். அதற்குத் தெரிந்த தன் முகவரி 192.168.1.5, வாசல் 5060. வாசலில் நிற்கும் பெட்டி உறையின் மேல் இருக்கும் முகவரியை மாற்றுகிறதே தவிர, உள்ளே கடிதத்தில் எழுதியிருப்பதைத் தொடுவதில்லை. அடுத்த நிலையம் பிரித்துப் பார்த்தால் உறையில் ஒரு முகவரி, கடிதத்தில் வேறு முகவரி.

எஸ்.ஐ.பி.யை எழுதியவர்கள் இதைப் பாதி யோசித்திருந்தார்கள். உறை முகவரியும் கடித முகவரியும் வேறாக இருந்தால், 'ரிசீவ்டு' என்று ஒரு குறிப்பில் உறையில் கண்டதை எழுதிக்கொள், பதிலை அங்கே அனுப்பு என்றார்கள். முகவரிக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. வாசல் எண்ணைக் கடிதத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, பதில் சரியான பெட்டியைத் தேடி வரும், 5060 என்ற வாசலைத் தட்டும். பெட்டியின் பட்டியலில் இருப்பதோ 31742. யாரும் இல்லை என்று கீழே போட்டுவிடும். அண்ணாச்சி வீட்டுக்கு போன் வந்துவிட்டது, பதினோரு வீட்டில் யாருக்கு என்றுதான் சொல்லவில்லை.

இந்தியாவில் இது வெறும் பொறியியல் பிரச்சினையாக இருக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. இணையம் வழியே குரலில் பேசுவதற்குத் தடை இருந்தது. அயல்நாட்டு அழைப்புகளில் வரும் வருமானம் போய்விடும் என்பதுதான் காரணம், அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. 2002 ஏப்ரல் 1 அன்று அந்தத் தடை தளர்ந்தது. வி.எஸ்.என்.எல்.லின் அயல்நாட்டு அழைப்பு ஏகபோகம் முடிவுக்கு வந்ததும் அதே நாள். அனுமதிக்கப்பட்டவை மூன்று வகை. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம். இந்தியாவில் உள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். எஸ்.ஐ.பி., எச்.323 கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். உள்நாட்டுத் தொலைபேசிக்கு மட்டும் பேசக் கூடாது. அதாவது தூத்துக்குடி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து துபாய் நம்பருக்குப் பேசலாம், திருச்செந்தூர் நம்பருக்குப் பேசக் கூடாது.

இதைவிட எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. இணையச் சேவை நிறுவனங்களின் உரிமத்தில், சாதாரணத் தொலைபேசி எண்ணை ஐ.பி. முகவரியாகவோ ஐ.பி. முகவரியைத் தொலைபேசி எண்ணாகவோ மாற்றித் தரக் கூடாது என்று எழுதியிருந்தது. முகவரி மாற்றம் சட்டப்படி தடை! இணையத்தில் இருப்பவனுக்கு இணைய முகவரி, 0461 என்று தொடங்கும் எண் வைத்திருப்பவனுக்கு அந்த எண். நடுவில் பாலம் கட்டாதே. அதே சமயம் அந்த நிறுவனங்கள் கொடுத்த இணைப்புகளில் நாட் பெட்டிகள் நிமிடத்துக்கு ஆயிரம் முகவரிகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த மாற்றத்தைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பணம் இருந்த இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு குற்றமானது. எழுத்தாளர்களுக்கு இது ஒரு சிறுகதைக் கரு, எடுத்துக்கொள்ளலாம்.

2002, 2003 வாக்கில் கல்லூரி முடிந்த சாயங்காலங்களில் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். எட்டு கணினி, ஒரு இணைப்பு, வெளியே தெரிவது ஒரு முகவரி. பேச வருகிறவர்களில் பாதிப்பேர் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள், மீதி வளைகுடாவில் மகனோ புருஷனோ இருப்பவர்கள். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த மெசஞ்சரில் எஸ்.ஐ.பி. உண்டு, கணினிக்குக் கணினி, காசு இல்லை. ஹெட்போன் மாட்டிவிட்டு இணைத்துக் கொடுப்பது என் வேலை.

ஒரு அம்மா வாரா வாரம் வருவார். இணைப்பு கிடைக்கும். "கேக்குதாய்யா? நான் பேசுறது கேக்குதா?" அந்தப் பக்கம் மகனுக்கு நன்றாகக் கேட்கும், திரையில் "கேக்குதும்மா, கேக்குது" என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொண்டே இருப்பான். அம்மாவுக்கு எதுவும் கேட்காது, ஆங்கில எழுத்தும் வாசிக்க வராது. "பேசு ராசா, ஏன் பேச மாட்டேங்குற, அம்மா மேல கோவமா?" நான் வாசித்துச் சொல்வேன். காரணம் எளிது. தன் குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று இந்தக் கணினி அந்தப் பக்கத்துக்குச் சொல்லும்போது 192.168-இல் தொடங்கும் முகவரியைச் சொல்லியிருக்கும். மகனின் குரல் அங்கேயே அந்த முகவரியைத் தேடிச் செத்துப்போகும். அம்மாவின் குரல் வெளியே போவதில் தடை எதுவும் இல்லை. முகவரி இல்லாதவர்கள் பேசலாம், கேட்கத்தான் முடியாது. இதை அந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது? "லைன் சரியில்லம்மா" என்பேன்.

அந்தக் கோடையைத் தாண்டி 2003 ஆகஸ்டில் வந்ததுதான் ஆர்.எஃப்.சி. 3581. தீர்வு வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. அழைக்கும் போன் தன் 'வயா' வரியின் கடைசியில் 'ஆர்போர்ட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கும். அதற்கு மதிப்பு எதுவும் கிடையாது, காலி. எனக்கு என் வாசல் எண் தெரியாது, உனக்குத் தெரிவதை நீயே எழுதிக்கொள் என்று அர்த்தம். அடுத்த நிலையம் உறையைப் பார்த்து 31742 என்று அந்தக் காலி இடத்தை நிரப்பும். பதிலை அந்த முகவரிக்கு, அந்த வாசலுக்கே அனுப்பும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: கேள்வி தன்னுடைய எந்த வாசலுக்கு வந்ததோ அதே வாசலிலிருந்துதான் பதிலை அனுப்ப வேண்டும். ஏனென்றால் சில பெட்டிகள் கெடுபிடியானவை. நீ போய்ப் பேசிய ஆளிடமிருந்து, அதே வாசலிலிருந்து வந்தால்தான் உள்ளே விடுவேன் என்பவை. கயிறு மாறக் கூடாது.

நான் யார் என்று நானே சொல்வதை விட்டுவிட்டு, நீ என்னை எங்கிருந்து வரப் பார்த்தாயோ அதையே என் முகவரியாக வைத்துக்கொள் என்று ஒரு கருவி ஒப்புக்கொள்கிறது. எஸ்.ஐ.பி. எழுதப்பட்டபோது இருந்த நம்பிக்கை வேறு. ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த முகவரி உண்டு, அது தன் முகவரியைத் தானே சொல்லும், அதை நம்பலாம் என்ற குடியரசு மாதிரியான நம்பிக்கை. அது நடைமுறையில் போய்விட்டது என்பதை அமைதியாக ஒத்துக்கொண்ட ஆவணமாகத்தான் நான் 3581-ஐ வாசிக்கிறேன்.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பக்கமும் எந்தச் செய்தியும் போவதில்லை. மாடியில் துணி காயப்போடும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து எடுப்பதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடலாம். அதற்குள் பெட்டி தன் பட்டியலிலிருந்து வரியை அழித்திருக்கும். அம்மா எடுப்பார், 'எடுத்துவிட்டேன்' என்ற பதில் கிளம்பும், வந்து சேர வழி இருக்காது. இங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும், அங்கே அவர் "அலோ, அலோ" என்பார். ஆகவே, பதில் வரும்வரை ஏறக்குறைய 20 நொடிக்கு ஒருமுறை அதே அழைப்பை மீண்டும் அனுப்பு என்கிறது 3581. புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கயிறு இன்னும் கையில் இருக்கிறது என்று காட்ட ஒரு சொடுக்கு.

இது பதிலுக்கு மட்டும்தான் வழி செய்தது. அந்த அம்மாவின் ஹெட்போன் பிரச்சினை தீரவில்லை. குரலுக்கு வழி கண்டுபிடிக்க ஸ்டன், டர்ன், ஐஸ் என்று அடுத்தடுத்து ஏற்பாடுகள் வந்தன, 2010 வரை ஆனது. புதிதாக வரும் அழைப்பை உள்ளே கொண்டுசேர்க்க, போன் முன்கூட்டியே வெளியே ஒரு நிலையத்தோடு கயிறு கட்டி வைத்துக்கொள்ளும் முறை 2009-இல் வந்தது. இதற்கிடையில் 3581 வெளியான அதே ஆகஸ்டில் ஸ்கைப் வந்துவிட்டது. நெறிமுறை, குழு, வரைவு எதற்கும் காத்திராமல், முகவரி உள்ள மற்றவர்களின் கணினிகளைக் கேட்காமலே பாலமாகப் பயன்படுத்திக்கொண்டது. அம்மாக்களுக்குக் குரல் கேட்டது. பிரவுசிங் சென்டரில் நான் அதைத்தான் கொண்டாடியிருப்பேன், தரம் எழுதியவர்களை அல்ல. இன்று யோசித்தால், யாரும் யாரையும் நேரே கூப்பிடலாம் என்ற வாய்ப்பு அங்கேதான் கை நழுவியது. எல்லா அழைப்பும் ஏதோ ஒரு நிறுவனத்தின் நடுக்கூடத்தைத் தொட்டுத்தான் போகிறது, வாட்ஸாப், இமோ உட்பட.

2006-இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கும் இடையே பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து கடலடி ஒளியிழைக் கேபிள் போட்டன. பாரத் லங்கா கேபிள், முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் ஓடிய அதே தடத்துக்கு அடியில் இப்போது வெளிச்சம் ஓடுகிறது. ஊரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேபிள் எவ்வளவு அகலமானாலும் இரண்டு முனையிலும் முகவரிப் பஞ்சம் அப்படியேதான் இருந்தது. 2011 ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான பழைய வகை முகவரிக் கையிருப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பிறகு செல்போன் நிறுவனங்கள் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி வீடு என்றில்லாமல், ஊருக்கே ஒரு அண்ணாச்சி வீடு என்று பெரிய நாட் பெட்டிகளை வைத்தன. 2016-இல் ஜியோ வந்தபோது அதன் சாதாரணக் குரல் அழைப்பே எஸ்.ஐ.பி.யில்தான் போனது. 'வயா' வரிகள் இல்லாமல் இன்று நம் வீட்டில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை என்றே சொல்லலாம். புதிய வகை முகவரி, ஐ.பி.வி.6, இந்தியாவில் பாதிப் போக்குவரத்துக்கும் மேல் வந்துவிட்டது. தற்காலிக ஏற்பாடு மட்டும் ஓய்வு பெறவில்லை.

சட்டப் பக்கம், 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்து, 2018 ஜூன் 19 அன்று தொலைத்தொடர்புத் துறை உரிமங்களைத் திருத்தியது. தொலைபேசி உரிமம் உள்ள நிறுவனங்கள் இணையத்திலிருந்து எந்த எண்ணுக்கும் அழைப்பைக் கொண்டுசேர்க்கலாம். அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற எஸ்.ஐ.பி. செயலியை அறிவித்தது. பதினாறு வருடம் கழித்துத் திருச்செந்தூருக்குப் பேசலாம்.

அந்த ஜூன் 19-க்குச் சரியாக நான்கு வாரம் முன்பு, 2018 மே 22 செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் போலீஸ் சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாள் நிறுத்த உத்தரவு வந்தது, 2017-இல் வகுக்கப்பட்ட தற்காலிக நிறுத்த விதிகளின்படி.

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனுக்கு நான்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு எஸ்.ஐ.பி. செயலி போட்டுக் கொடுத்திருந்தேன், ஒரு முனை அவனிடம், ஒரு முனை ஊரில் அவன் அப்பாவிடம். மே 23 அன்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நிலையத்துல என்ன காட்டுது, பாத்துச் சொல்லு மாப்ள" என்றான். பதிவேட்டைத் திறந்தேன். முதல் ஒரு மணி நேரம், அவன் அனுப்பிய ஒவ்வொரு அழைப்புக்கும் கடைசியில் 408 என்ற எண். கேட்டாயிற்று, பதில் வரவில்லை என்று அர்த்தம். அது அந்தப் பக்கமிருந்து வந்த பதில் அல்ல. 32 நொடி காத்திருந்துவிட்டு நிலையம் தானாகவே எழுதிக்கொள்வது. அப்பாவின் போன் கடைசியாக எந்த முகவரியிலிருந்து, எந்த வாசலிலிருந்து வந்ததோ அங்கேயே தட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்பாவின் பதிவு காலாவதியானது. அதற்கப்புறம் எல்லாமே 480: இப்போது கிடைக்கமாட்டார். தட்டிப் பார்ப்பதைக்கூட நிலையம் நிறுத்திவிட்டது.

நான் சென்னையிலிருந்து சாதாரண போனில் கூப்பிட்டேன். அது போனது. "கரண்டு இருக்குப்பா, நெட்டுதான் இல்ல. வெளிய யாரும் போகல. அவன்கிட்ட சொல்லிரு" என்றார் அவன் அப்பா. சொன்னேன். அவன் நம்பவில்லை. அவர் குரலில் கேட்க வேண்டும் என்றான். ரீசார்ஜ் செய்துகொண்டு ஐ.எஸ்.டி.யில் கூப்பிட்டு, மூன்று நிமிடம் பேசினான்.

மாதக் கடைசியில் இணையம் திரும்பியபோது அப்பாவின் போன் யாரும் தொடாமலே நிலையத்துக்கு ஒரு பதிவுச் செய்தி அனுப்பியிருந்தது. பதிவேட்டில் பார்த்தேன். 'வயா' வரியில் பத்தில் தொடங்கும் ஊர்பேர் இல்லாத முகவரி, கடைசியில் 'ஆர்போர்ட்', அதற்கு எதிரே நிலையம் நிரப்பிய ஐந்து இலக்க எண்.